சமையல் காஸில் குளிர்ந்த பெட்டி

சமையல் காஸை அடைத்துப் பிணத்தைக் குளிர வைக்கலாம் என்று சொன்னால் என் வீட்டுக்காரர் இன்றைக்கும் நம்புவதில்லை. "சும்மா அளக்காத" என்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கண்ணால் பார்த்த எனக்கே அந்த நாளை நினைத்தால் நடந்ததுதானா என்று இருக்கிறது.

அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். எங்கள் ஊர் ஏம்பலத்திலிருந்து கரையாம்புத்தூர் போகிற வழியில், சாலைக்கு இரண்டு பக்கமும் கரும்பு நிற்கிற ஊர். அம்மாவின் தம்பி, என் தாய்மாமன், வில்லியனூரில் பிரிட்ஜ் மெக்கானிக்காக இருந்தார். மற்ற மாமன்கள் வந்தால் பைக்கைப் பற்றிப் பேசுவார்கள், ஓட்டுப் போட்டதைப் பற்றிப் பேசுவார்கள். எங்கள் மாமா வந்தால் தீயைப் பற்றித்தான் பேசுவார்.

அவரிடம் மூன்று டார்ச்சுகள் இருந்தன. வெளிச்சம் அடிக்கிற டார்ச் இல்லை, நெருப்பு அடிக்கிற டார்ச். செம்புக் குழாயை ஒட்ட அதுதான் வேண்டும். மூன்றையும் சாக்கில் வரிசையாக வைத்து, யாரோ பெண் பார்க்க வந்தவர்களுக்குச் சொல்வதுபோல் ஒவ்வொன்றின் குணத்தையும் சொல்லுவார். முதலாவது கைக்கு அடக்கமான காஸ் டப்பா, அதன் தலையில் ஒரு மூக்கு. "இவன் பேச்சுக்காரன். ஈயம் உருக்குவான். அதுக்கு மேல கேட்டா பல்ல காட்டுவான்." இரண்டாவது பித்தளை வயிறு வைத்த பழைய பம்ப் விளக்கு, மண்ணெண்ணெய் ஊற்றி அடிப்பது. "இவன் கல்யாண வூட்டு சமையக்காரன். ஒரு பைப்ப காட்டுனா பக்கத்துல இருக்கற ஒயரு, ரப்பரு அல்லாத்தையும் சேத்துக் கருக்குவான்." மூன்றாவது நீளக் கழுத்துக்காரன், ரப்பர் குழாய் போட்டுச் சமையல் சிலிண்டரில் மாட்டுவது. "இவன்தாண்டி பாப்பா வேலக்காரன். என்ன, காலு கெடையாது. சிலிண்டர நாமதான் தூக்கினு போவணும்."

ஈயம் வைத்து ஒட்டுவது வேறு, வெள்ளிக் கம்பி உருக்கி ஒட்டுவது வேறு என்பதையும் அவர்தான் எனக்குச் சொன்னார். ஈயத்துக்குக் குழாய் சூடானால் போதும். வெள்ளிக் கம்பிக்குச் செம்பு கன்றிச் சிவக்க வேண்டும். "தீ பெருசா இருக்குதான்னு பாக்காத. சூடு எங்க போயி குந்துதுன்னு பாரு" என்பார். பாடப் புத்தகத்தில் ஒரு வரிகூட நினைவில்லாத எனக்கு இது மட்டும் நினைவிருக்கிறது.

அந்த வருஷம் மாமா பழைய ஐஸ் பெட்டி ஒன்றை வாங்கினார். சாவு விழுந்த வீட்டுக்கு வாடகைக்கு விடுகிற கண்ணாடிப் பெட்டி. அவர் குடியிருந்த வீட்டுக்காரர், பிணப்பெட்டி என் வாசல்படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டதால் அதை எங்கள் வீட்டுப் பின்கட்டில் கொண்டுவந்து வைத்தார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "ஒன் தம்பி பொட்டிக்கு முதல் கிராக்கி நானாத்தான் இருப்பேன்" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பெட்டி குளிரவில்லை. மோட்டார் பக்கத்தில் குழாயின் ஒட்டு விட்டுப்போயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா அதைச் சரிசெய்ய பஸ்ஸில் வந்தார். பஸ்ஸில் வந்ததால் நீளக் கழுத்துக்காரனும் வரவில்லை, பம்ப் விளக்கும் வரவில்லை. பையில் இருந்தது பேச்சுக்காரன் மட்டும். பற்ற வைத்துப் பார்த்தார். செம்பு கறுத்ததே தவிரச் சிவக்கவில்லை. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு ஈயத்தையே உருக்கி மொத்தமாகப் பூசிவிட்டார். "இப்போதிக்கி நிக்கும். அப்பறமா கம்பி வெச்சிக்கலாம்" என்றார்.

அடுத்து பெட்டிக்குள் காஸ் அடைக்க வேண்டும். பிரிட்ஜுக்கென்று கடையில் விற்கிற காஸ் அவரிடம் இல்லை. எங்கள் சமையலறைச் சிலிண்டரை மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தார். அப்பா வந்துவிடாமல் அம்மா தெருவாசலில் காவல் நின்றாள். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். காலையில் இட்லி வெந்த அதே காஸ் பெட்டிக்குள் போனது. கொஞ்ச நேரத்தில் உள்தகடு வியர்த்து, பிறகு வெள்ளையாகப் பூத்தது. தொட்டேன். சுரீரென்றது. "இதுவும் குளுருமா மாமா?" என்றேன். "அடங்கி இருந்தா குளுரும், அவுத்து வுட்டா எரியும். அவ்ளோதான்" என்றார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அம்மா என் தலையில் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாள்.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு விடியற்காலையில் பெரியப்பா, அப்பாவின் அண்ணன், தூக்கத்திலேயே போய்விட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். ஊரில் சொல்தா வீடு, பட்டாளத்துக்காரர் வீடு, என்றால் அவர் வீடுதான். ஒரே பிள்ளை, எங்கள் அண்ணன், பிரான்சில் வேலையில் இருந்தார். போன் போட்டபோது, கிடைத்த விமானத்தில் கிளம்புகிறேன், நாளைக் காலையில் வந்துவிடுவேன், அப்பா முகத்தைப் பார்க்காமல் எடுத்துவிடாதீர்கள் என்று அழுதாராம். பெரியம்மா அதற்குப் பிறகு வேறு எதுவும் பேசவில்லை. வந்தவர்கள் யார் கட்டிப்பிடித்தாலும், "எம்புள்ள வர்ற வரைக்கும் வெச்சிருங்க" என்பதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். கத்திரி வெயில். காலை பத்து மணிக்கே மண் கொதித்தது.

பெட்டி எங்கள் பின்கட்டிலேயே இருந்ததால் உடனே வந்துவிட்டது. மாமாவும் வந்துவிட்டார், இந்த முறை ஒரு ஆட்டோவில் எல்லாச் சாமான்களோடும். பெரியப்பாவைக் கண்ணாடிக்குள் கிடத்தினார்கள். தலைமாட்டில் வழக்கப்படி ஒரு படி நெல், அதன்மேல் விளக்கு, பக்கத்தில் கட்டுக்கட்டாக ஊதுவத்தி. மோட்டார் இருந்த பக்கமும் தலைமாடுதான்.

மதியம்வரை எல்லாம் நன்றாக இருந்தது. அத்தை, பெரியப்பாவுக்குத் தங்கை, அப்பாவுக்கு அக்கா, அழுகைக்கு நடுவிலும் மாமாவை ஒரு இடி இடித்தாள். "சம்பந்தி வூட்டு சீர்னு எல்லாரும் குத்துவௌக்கு கொண்ணாருவாங்க. நம்ம வூட்டு சம்பந்தி ஐஸ் பொட்டி கொண்ணாந்துட்டாரு." அழுதுகொண்டிருந்த பெண்களில் இரண்டு பேர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

பிற்பகலில் கண்ணாடியின் உள்பக்கத்தில் பூத்திருந்த பனி உருகிக் கோடுகோடாக இறங்கியது. அம்மாதான் முதலில் பார்த்தாள். மாமாவைக் கண்ணால் கூப்பிட்டாள். அவர் தலைமாட்டில் குனிந்து தகட்டைக் கழற்றி உள்ளே விரலை விட்டார். விரலில் எண்ணெய். ஈயம் பூசிய இடம் மோட்டார் அதிர்ந்து அதிர்ந்து விட்டுப்போயிருந்தது. மாமா முகர்ந்து பார்த்தார். முதலில் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். பிறகு விளக்கைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். கறுத்த மனிதர் முகம் அப்படி வெளுக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"அக்கா, அந்த வௌக்க கொஞ்சம் அணைங்க. ஊதுவத்தியையும்" என்றார் அத்தையிடம்.

அத்தை எழுந்து நின்றேவிட்டாள். "இன்னாது? தலமாட்டு வௌக்க அணைக்கிறதா? எடுக்கிற வரைக்கும் எரியணும்பா அது! எங்கண்ணன இருட்டுல அனுப்ப சொல்றியா நீ?"

"இல்லக்கா, கொஞ்ச நேரம்."

"எதுக்கு?"

அப்பா கிட்டே வந்து, "இன்னா மச்சான், வௌக்குக்கும் பொட்டிக்கும் இன்னா சம்மந்தம்?" என்று கேட்டார். மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். பங்காளிகளும் சூழ்ந்துகொண்டு, சாவு வீட்டில் விளக்கை அணைக்கச் சொன்னவனை நாங்கள் கண்டதில்லை என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். விளக்கு மட்டும் அசையாமல் நிமிர்ந்து எரிந்துகொண்டிருந்தது.

எனக்கு விடை தெரிந்திருந்தது. வகுப்பில் எந்தக் கேள்விக்கும் கை தூக்காத நான், இத்தனை பெரியவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருக்கிறதே என்ற பூரிப்பில் சத்தமாகச் சொல்லிவிட்டேன். "பொட்டிக்குள்ள இருக்கறது எங்க வூட்டு சமையல் காஸு!"

ஒப்பாரி சட்டென்று நின்றுபோனது. பிறகு நடந்ததை நான் என் வாழ்நாளில் மறுபடி பார்த்ததில்லை. காலையிலிருந்து "என்னையும் கூட்டிக்கினு போ" என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு புரண்டவர்கள், நெஞ்சில் அடித்துக்கொண்டவர்கள், அத்தை உட்பட, வாசல் வழியாக ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஓடினார்கள். தெருப் பந்தல் வரை போய்த்தான் நின்றார்கள். சத்தம் போட்ட பங்காளிகளில் ஒருவர் கொல்லைச் சுவரையே தாண்டிவிட்டார். உள்ளே மிச்சம் இருந்தது நாங்கள் நாலைந்து பேரும் பெரியம்மாவும்.

பெரியம்மா எழுந்தாள். படியை நெல்லோடும் விளக்கோடும் இரண்டு கையாலும் தூக்கினாள். சுடர் சாய்ந்தது, ஆனால் அணையவில்லை. நிதானமாக நடந்துபோய்த் தெருவாசலுக்கு வெளியே வைத்தாள். திரும்பி வந்து ஊதுவத்திகளைத் தண்ணீர்ச் சொம்பில் போட்டாள். "வௌக்கு எரியுது, போதுமா? எம்புள்ள வர்ற வரைக்கும் இவரு மூஞ்சி மாறக்கூடாது தம்பி. அதுக்கு இன்னா செய்யணுமோ செய்யி" என்றாள்.

பெரியப்பாவை எடுத்துக் கட்டிலில் கிடத்தினார்கள். பெட்டியை ஆறு பேர் தூக்கிக் கொல்லையில் புளியமரத்தடிக்குக் கொண்டுபோனார்கள். யாரோ வீராம்பட்டினத்துக்கு ஆளனுப்பி ஐஸ் கட்டி வாங்கி வரச் சொன்னார்கள். "மீன் ஐஸா? இன்னா, அவரு வஞ்சிரமா?" என்று பந்தலிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

மாமா முதலில் கையிலேயே இருந்த சின்ன டப்பாவை எடுத்தார். இருந்த அவசரத்தில் அதுதான் வந்தது. கொல்லையில் காற்று வேறு. தீ குழாயை நக்கிவிட்டு நகர்ந்தது. வெள்ளிக் கம்பியை வைத்தால் அது உருகாமல் நின்று வேடிக்கை பார்த்தது. பம்ப் விளக்கை எடுத்து, பக்கத்தில் ஒயர் கட்டைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். நீளக் கழுத்துக்காரன்தான் வேண்டும். அதற்குச் சிலிண்டர் வேண்டும்.

பெரியம்மா வீட்டுச் சமையலறையில் சிலிண்டர் இருந்தது. ஆனால் சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதே! பந்தலில் இதைப் பற்றி ஒரு பஞ்சாயத்தே நடந்தது. டார்ச்சை அடுப்பு என்று சொல்ல முடியுமா என்று ஒருவர். சிலிண்டர் அடுப்போடதுதானே என்று இன்னொருவர். பங்காளிகள் வீட்டிலிருந்து எடுத்தாலும் அதே தீட்டு. வெளி வீட்டுக் காஸ் என்றால் தப்பில்லை, சோறுகூட வெளியிலிருந்துதானே வருகிறது என்று வயதான ஒருவர் தீர்ப்புச் சொன்னார். அதற்குள் தெருக்கோடியில் இருந்த கிறிஸ்தவ வீட்டு டீச்சரம்மா தன் பிள்ளையின் சைக்கிள் கேரியரில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "எங்க வூட்டுது. எல்லாத்துக்கும் எடுத்துக்கோங்க" என்றார்.

மாமா பெட்டிக்குள் மிச்சம் இருந்த காஸைத் திறந்துவிட்டார். உஸ் என்று போனது. அது முழுதாகப் போகும்வரை காத்திருக்க வேண்டும். குழாய்க்குள் கொஞ்சம் தங்கியிருந்தாலும் ஆபத்து. இதை எனக்குச் சொல்லியிருந்தவரே அவர்தான். ஆனால் உள்ளேயிருந்து அத்தை ஓடி வந்து, "நெறம் மாறுது! அண்ணன் மூஞ்சி நெறம் மாறுதுப்பா!" என்று அலறினாள். மாறியதோ இல்லையோ, அந்த அலறலில் மாமா டார்ச்சைப் பற்ற வைத்துவிட்டார்.

நீல நாக்கு. செம்பு முதலில் வானவில்லாகி, பிறகு கறுத்து, பிறகு மெல்லச் சிவந்தது. சூடு போய்க் குந்திவிட்டது. மாமா வலது கையில் கம்பியை எடுத்து வைத்தார். அப்போது குழாயின் திறந்த வாயிலிருந்து புஸ்ஸென்று ஒரு நெருப்பு, ஒரு முழ நீளம், பாய்ந்து அவருடைய அந்தக் கையை விழுங்கியது.

சுற்றி நின்றவர்கள் சிதறினார்கள். கம்பியைப் போட்டுவிட்டுக் கையை உதறுவார் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்போம். மாமா உதறவில்லை. நெருப்புக்குள்ளேயே கை நின்றது. கம்பியின் நுனி உருகி, வெள்ளைத் தண்ணீராகக் குழாயைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடியது. சுற்றி முடிந்ததும்தான் கையை எடுத்தார். அதற்குள் குழாயில் இருந்த மிச்சமும் எரிந்து தானாக அடங்கிவிட்டது. தோளில் கிடந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, மயிரு பொசுங்கிச்சி, அவ்ளோதான்" என்று சிரித்தார். அம்மா ஓடி வந்தாள். "ஒண்ணுமில்லக்கா, போ" என்றார். நான் நம்பினேன். மாமா தீயைப் பற்றி எதைச் சொன்னாலும் நான் நம்புகிறவள்.

சோப்பு நுரை போட்டுப் பார்த்தார். ஒரு முட்டைகூடக் கிளம்பவில்லை. பிறகு, எல்லோர் கண்ணெதிரிலும், டீச்சரம்மா வீட்டுச் சிலிண்டரிலிருந்தே பெட்டிக்குக் காஸ் ஏற்றினார், இடது கையால். இந்த முறை மறைக்க எதுவும் இல்லை. பெரியம்மா வந்து பக்கத்தில் நின்றாள்.

"இதுலியா சோறாக்குறோம்?"

"ஆமாக்கா."

"இதுலியா குளுருது?"

"ஆமாக்கா."

"சரி" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

பொழுது சாயும்முன் பெரியப்பா மறுபடி கண்ணாடிக்குள் இருந்தார். தகடு வெள்ளையாகப் பூத்தது. விளக்கு தெருவாசலிலேயே எரிந்தது. காற்றடிக்காமல் அதற்கு ஓலை மறைப்புக் கட்டி, அத்தையே பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய் ஊற்றினாள். மாமா பெட்டிக்குப் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டதற்குப் பசிக்கவில்லை என்றார்.

மறுநாள் காலை அண்ணன் வந்துவிட்டார். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து கண்ணாடியில் முகத்தை வைத்து அழுதார். மூடியைத் திறந்தார்கள். பெரியப்பாவின் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். "தூங்கற மாதிரியே இருக்காரும்மா" என்றார். பெரியம்மா முதல் முறையாக வாய்விட்டு அழுதது அப்போதுதான்.

யார் பெட்டி இது என்று அண்ணன் கேட்டார். சுவர் ஏறிக் குதித்தவர், வாசலில் விழுந்து ஓடியவர்கள், பஞ்சாயத்துப் பேசியவர்கள் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள். ஒருவரும் முந்தைய நாள் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தைதான் முன்னால் வந்து, "ஒன் சித்தியோட தம்பிதாம்பா. நல்ல பொட்டி. ராவெல்லாம் கூடவே குந்தினு இருந்துச்சி பாவம்" என்றாள். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தை எப்படி விட்டுவிட்டார்கள்? சரி, நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளில் மூச்சே நின்றுவிட்டது.

மாமா சுவரோரம் எழுந்து நின்றார். வலது கையைத் துண்டுக்குள் வைத்திருந்தார். அண்ணன் நேராக அவரிடம் போனார். நம் ஊர் வழக்கப்படி கும்பிட்டிருந்தால் அதோடு போயிருக்கும். அங்கேயே இருந்து பழகியவர், கையை நீட்டினார். மாமா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு துண்டிலிருந்து தன் வலது கையை எடுத்து, உள்ளங்கை தெரியாமல் கவிழ்த்து, அவர் கையில் கொடுத்தார். அண்ணன் அதை இரண்டு கையாலும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக் குலுக்கினார். "மாமா, நீங்க இல்லன்னா எங்கப்பாவ நான் பாத்திருக்க மாட்டேன்" என்று விடாமல் குலுக்கினார்.

மாமாவின் கண்களிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக இறங்கியது. கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை. அண்ணன் அவரைக் கட்டிக்கொண்டு இன்னும் பெரிதாக அழுதார். சுற்றி நின்ற பெண்களும் மறுபடி ஆரம்பித்தார்கள்.

மாமா பெரியப்பாவிடம் அதிகம் பேசிக்கூட நான் பார்த்ததில்லையே, அவர்மேல் இவ்வளவு பாசமா என்று, நானும் மாமாவோடு சேர்ந்து அழுதேன்.